ராணிக்குத் தாத்தா கிடையாது

— அத நான் சொல்லல மெர்சி. மிட்டாதார் கஜபதி சொன்னான்.

— கஜபதிக்கு வாய் ஏது வீரா? உன் வாயாலதான சொன்னான்.

— ஆட்டம்மே அது. பவளக்கரைன்னு ஒரு ஊரே கிடையாது. நாப்பது பேரு ஆளுக்கு ஒரு போன வெச்சிக்கினு, குரூப் கால்ல கொரலாலயே கட்டுன ஊரு. அதுல நான் மிட்டாதாரு, நீ ரங்கூன்லருந்து வந்த கப்பல்காரி ராணி. மிட்டாதாரு ராணிய மட்டம் தட்டித்தான் பேசுவான். அவன் கேரக்டரு அப்டி. அதான் மேட்டரு.

— தோ பாரு. ரெண்டு வருஷமா மட்டம் தட்டுன. ஒரு நாளாச்சும் மூஞ்ச தூக்குனேனா? என் கப்பல கொளுத்துன. என்னை சந்தையில கட்டி வெச்சி அடிக்க சொன்ன. மறுநாள் காக்களூர்லருந்து வண்டிய எடுத்துக்கினு வந்து இதே கம்பெனி கேட்டாண்ட நிப்ப. நான் ஷிப்டு முடிஞ்சி வருவேன். டீ குடிச்சிக்கினே, கப்பலு நல்லா எரிஞ்சிச்சின்னு நான்தான சிரிப்பேன்?

— அப்ப இப்ப மட்டும் இன்னா வந்துச்சி?

— சனிக்கெழம இன்னா சொன்ன? அத திருப்பி சொல்லு.

— வுடு மெர்சி. கம்பெனி பஸ்ஸு வர்ற நேரம். ஜனங்க பாக்குறாங்க.

— அன்னிக்கி நாப்பது பேரு கேட்டாங்களே, அப்ப கூச்சமா இல்லியா? சரி, நானே சொல்றேன். ‘எங்க களத்துல துண்ட இடுப்புல கட்டிக்கினு கூலி நெல்லுக்கு நின்ன யேசுதாஸு பேத்திதான நீ? எங்க வாசப்படி ஏற வந்துட்டியா?’ இதான சொன்ன?

— கஜபதிக்கு கோவம் வந்துச்சி. அதுல ஒரு ஃப்ளோல...

— ராணிக்கு தாத்தா கிடையாது வீரா. அவ கப்பல்ல கெடந்த அநாத. நான் எழுதி குடுத்த குறிப்ப நீதான் படிச்சிட்டு சூப்பருன்ன. யேசுதாஸு எங்க தாத்தா. ஊத்துக்கோட்டையில உங்க நெலத்துல கூலி வேல செஞ்சாருன்னு சோழவரம் ஏரிக்கரையில வெச்சி சொன்னேன். உன் ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். அது கஜபதிக்கு எப்டி தெரியும்?

— வெளிய கேட்டத உள்ள எடுத்துக்கினு வந்தது தப்புதான். ஒத்துக்குறேன்.

— அந்த சட்டத்த எழுதுனதே நீ. வெளிய கேட்டது உள்ள வரக்கூடாது, உள்ள நடந்தது வெளிய போவக்கூடாது. புதுசா யாரு சேந்தாலும் மொத நாளு ஒப்பிக்க சொல்லுவ.

— அதான் ஒத்துக்குறேன்றேனே.

— நீ வெளிய கேட்டத இழுக்க ஆரம்பிச்சப்பவே பன்ச் அவுட் சொன்னேனா, இல்லியா?

— எனக்கு கேக்கல மெர்சி. அத்தினி பேரு மைக்குல கத்திக்கினு இருந்தாங்க.

— எத்தினி வாட்டி சொன்னேன்?

— மூணு வாட்டி சொல்லிக்கீற. ஆனா...

— கேக்கலன்ன. எண்ணி வெச்சிக்கீறியே?

— தோடா, ஒரு வார்த்தைய புடிச்சிக்கினு...

— ஒரு வார்த்ததான். பாதிப்பேரு ஷிப்டு முடிஞ்சா கார்ட பன்ச் பண்ணிட்டு வெளிய வர்ற கம்பெனி ஆளுங்கன்னுதான் அந்த வார்த்தைய வெச்சோம். பன்ச் அவுட்னு ஒருத்தர் சொல்லிட்டா ஆட்டம் நின்னுடணும். அப்புறம் பேசுனா கேரக்டரு பேசல, ஆளு பேசுறான். போன மாசம் ஸ்டீபன் ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தாம பேசுனான்னு ஒரு வாரம் அவன வெளிய தள்ளி வெச்ச. எங்க தாத்தா பேர நீ எப்ப இழுத்த? நான் மூணாவது வாட்டி சொன்னப்புறம்.

— நீ அழுததயே நான் ஆட்டம்னுதான்மே நெனச்சேன்.

— ராணி அழமாட்டா. கப்பலு எரிஞ்சப்பவே அழலியே அவ. அழுதது நான்னு உனுக்கு தெரியும்.

— பேஜாரு பண்ணாத மெர்சி. குரூப்பே ரெண்டா கீது. ஞாயித்துக்கெழம மீட்டிங்கு. என்னை அட்மின்லருந்து தூக்கணும்னு ஸ்டீபன் நிக்கிறான். நர்மதா இன்னாடான்னா, மெர்சிதான் உள்ளயும் வெளியயும் கலந்துக்கினு அழுவுறான்றா. நீ ஒரே ஒரு வரி போட்டா முடிஞ்சிடும்.

— இன்னா வரி?

— ‘முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினுதான் செஞ்சோம், அழுததும் நடிப்புதான்.’ அவ்ளோதான்.

— இதுக்குத்தான் வந்தியா வீரா? நீ மன்னிப்பு கேக்க வந்துக்கீறன்னு நெனச்சி மெஷின வுட்டு ஓடி வந்தேன். கை கூட கழுவல. தோ பாரு, க்ரீஸு.

— மன்னிப்பும்தான் கேக்குறேன்.

— யாருக்காக நான் அந்த பொய்ய சொல்லணும்?

— நமக்காக.

— நம்ம கல்யாணத்த பத்தி பொங்கலுக்கு ஊட்ல பேசுறேன்ன. அப்புறம் அறுப்பு முடியட்டும்ன்ன. அறுப்பும் முடிஞ்சிச்சி. பேசுனியா உங்க நைனாகிட்ட?

— அவராவே கேட்டாரு. சனிக்கெழம.

— எந்த சனிக்கெழம?

— அதே சனிக்கெழமதான். ஏரிக்கரையில நம்மள பாத்துட்டு யாரோ போட்டு குடுத்துட்டாங்க. யார்றா அந்த பொண்ணுன்னாரு. ஆட்டத்துல கூட ஆடுற பொண்ணு, வேற ஒண்ணும் இல்லன்னேன். அவரு நம்பல. ‘அப்ப என் எதுர்ல ஆடு, கேக்குறேன்’னு சேர இழுத்து போட்டு உக்காந்துட்டாரு. போன ஸ்பீக்கர்ல போட சொன்னாரு.

— அன்னிக்கி உங்க நைனா கேட்டுக்கினு இருந்தாரா?

— ஆமா. நீ வேற, ரெண்டு வருஷமா சண்ட போட்டவ, அன்னிக்கின்னு பாத்து ‘மிட்டாதாரே, பகை போதும், உங்க ஊட்டுக்கு வெளக்கேத்த வர்றேன்’னு ஆரம்பிச்சிட்ட. நைனா என் மூஞ்சியவே பாக்குறாரு. நான் இன்னா பண்ண?

— அதுக்கு எங்க தாத்தாதான் கெடச்சாரா?

— அவரு நம்பணும் இல்ல? கஜபதி மாரி டயலாக்கு வுட்டா நம்பமாட்டாரு. நெசமா பேசுனாதான் நம்புவாரு.

— நம்புனாரா?

— தோள்ல தட்டிக்குடுத்துட்டு படுக்க போயிட்டாரு.

— எனக்கு வயிறு எரியுது வீரா. உன்ன நம்பி சொன்னேன்டா நான்.

— தெரியும்மே. அவரு காதுக்குன்னு சொன்னது அது, உன் காதுக்கு இல்ல. அவரு கொஞ்சம் அடங்கட்டும், ஆறு மாசம் போவட்டும். நாப்பது பேரும் அத ஆட்டம்னுதான் நெனைச்சிக்கினு கீறாங்க. உங்க ஊட்டுக்கு யாரு போய் சொல்ல போறா? நீ அந்த ஒரு வரிய போடு. நானே நேர்ல வந்து உங்க அப்பாவாண்ட பொண்ணு கேக்குறேன். சத்தியமா.

— எங்க அப்பாவாண்டயா?

— ஆமா. தைரியமா வந்து நிப்பேன்.

— சண்ட போட்டவ அன்னிக்கி ஏன் வெளக்கேத்த வர்றேன்னு ஆரம்பிச்சா, தெரியுமா? ‘கட்டிக்கப்போறவன் கொரல கேளுப்பா’ன்னு எங்க அப்பாவ பக்கத்துல உக்கார வெச்சிக்கினு, நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன் வீரா.