அந்தக் காரு ஓடக்கூடாது

அட, அத வெளிய எடுக்காதீங்க தம்பி. பைக்குள்ளயே கெடக்கட்டும். எங்க வீட்டுக்காரரு பேங்குக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. அந்தக் கறுப்பு மூடிய நீங்க திரும்பக் கோயம்புத்தூருக்கே கொண்டு போயிரணும். கேட்டாருன்னா சாமான் கெடைக்கலன்னு ஒரு வார்த்தை, அம்புட்டுதான். காபியக் குடிங்க, ஆறுது.

பொய் சொல்ல மாட்டீங்களா? நல்லாருக்கே! பழைய காரு சாமான் யாவாரம் பண்றவுக வாயில பொய்யே வராதாக்கும்.

கோவிச்சுக்காதீங்க, என் வாயி அப்படி. வரும்போது வாசல் தகரச் செட்டுல அந்தக் காரப் பாத்தீங்கல்ல, செவப்பா, கூரையில்லாம, ரெண்டே சீட்டு. ஸ்போர்ட்ஸ் காராம். திருமயத்துப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டுல கோழி அடைஞ்சு கெடந்தத எம்மவன் கவியரசன் வாங்கியாந்தான். என்ஜினியருக்குப் படிச்சவன், வேலைக்குப் போடான்னா அதுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டான். எங்க வீட்டுக்காரரு பஸ் டெப்போல மெக்கானிக்கா இருந்தவரு. கண்டிப்பாருன்னு பாத்தா, ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு அவரும் அடியில போயிட்டாரு. வெளிய நாலு காலுதான் தெரியும். நான் அந்தக் காலுககிட்டதான் சாப்புட வாங்கன்னு கத்திக்கிட்டு நிப்பேன்.

அப்பறம் நடந்தத அவரு சொல்லலையா ஒங்ககிட்ட? சரிதான், எங்க சொல்லப் போறாரு. வண்டி ஸ்டார்ட் ஆன அன்னைக்கு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சுப் பூசை போட்டுட்டு எடுங்கன்னு சொல்லிட்டு, பழம் வாங்கக் கடைக்குப் போனேன். அதுக்குள்ள இவருக்குப் பொறுக்கல. பிரேக்கு சரியாப் புடிக்கலப்பான்னுருக்கான் புள்ள. ஒரு ரவுண்டு போயிட்டு வாடா, வந்து பாத்துக்கலாம்னு இவருதான் அனுப்பிவிட்டாரு. விராலிமலை ரோட்டுல கல்லு லாரி ஒண்ணு நின்னுக்கிட்டிருந்துச்சு. பழத்தக் கையில வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன் தம்பி.

நான் அழுதுட்டுப் போறேன், நீங்க குடிங்க.

மூணு வருசமாச்சு. நசுங்குன காரப் போலீஸ் விட்டதும் பழைய இரும்புக்குப் போட்டுருவாருன்னு பாத்தேன். லாரியில ஏத்திக் கொண்டாந்து செட்டுல எறக்குனாரு. தகரத்தத் தட்டித் தட்டி நிமித்துனாரு, எங்கெங்கயோ சொல்லிச் சாமான் வரவழைச்சாரு. புள்ள நெனப்புல செய்யறாரு, செய்யட்டும், மனசு ஆறும்னு ஊரு சொல்லுச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

ஆனா போன மாசத்துலருந்து எனக்குப் பாடம் நடத்துறாரு, பாத்துக்கங்க. ஏடிஎம்ல எப்படிப் பணம் எடுக்கறது, போன்ல கேஸ் சிலிண்டரு எப்படிப் பதியறது, போர் மோட்டாரு கெட்டுப் போனா யாரக் கூப்புடுறதுன்னு. ஏங்க, நீங்க எங்க போறீங்கன்னு கேட்டா சிரிக்கிறாரு. நாளைக்குப் புள்ளைக்குத் திதி. வருசா வருசம் குடுப்போம். இந்த வருசம் ஐயருக்குச் சொல்ல வேணாம் பிரகதம், காரு ரெடியாயிரும், அவன் போன ரோட்டுலயே நானும் போயிக்கிறேன்னாரு. மோரு ஊத்துன்னு கேக்குற மாதிரி சொல்றாரு.

துக்கத்துல பேசுறாரா? சரி, நான் ஒண்ணு கேக்குறேன். இம்புட்டு சாமான் ஒங்ககிட்ட வாங்கிருக்காரே, பிரேக்குச் சாமான் என்னைக்காவது கேட்டாரா?

கேக்கலல்ல. இன்னைய வரைக்கும் மாட்டவே இல்ல தம்பி. பெயிண்டு அடிச்சாச்சு, சீட்டுத் தச்சாச்சு, அது மட்டும் இல்ல.

அதான், ஒவ்வொரு தடவையும் நீங்க அனுப்புன மூடியக் கழட்டிக் கெணத்துல போட்டேன். வயரெல்லாம் சொருகுற அந்த மூடி இல்லன்னா இஞ்சின் உசுரு புடிக்காதுன்னு எம்மவன் சொல்லிக் குடுத்துருக்கான். எலி தூக்கிட்டுப் போயிருச்சு போலங்கன்னு சொல்லுவேன். என்னையே பாப்பாரு.

ஏன் தம்பி, மொகம் ஏன் இப்படிப் போவுது? சொல்லுங்க.

ரெண்டா? ரெண்டு கொண்டாரச் சொன்னாரா? இன்னொண்ணு எங்க?

பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கிட்டாரா. இத அம்மாகிட்டக் குடுங்க, நல்லாப் பேசுவா, அவசரப்படாம உக்காந்து கேட்டுட்டு வாங்கன்னாரா.

பேசாதீங்க, பேசாதீங்க. செட்டுப் பக்கம் அது என்ன, இஞ்சின் சத்தமா? நாளைக்குன்னாரே!

எந்திரிங்க தம்பி. நீங்க ரோட்டுக்கு ஓடிப் போயி சனத்த வெலகச் சொல்லுங்க. நான் வாசக் கேட்டுக்கு முன்னால போயி நிக்கிறேன்.