துப்பக் கூடாத பழம்

டீ ஆறினாலும் பரவாயில்லை சார், எழுதி முடித்துவிட்டுக் குடிக்கிறேன். ஆமாம், நீங்கள் கேட்டது சரிதான். என் சட்டைப் பையில் இருந்த மூன்று பழங்களும் அதே தட்டில் இருந்தவைதான். அவற்றை நான் ஏன் தின்னவில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

என் பெயர் உதயகுமார். வயது இருபத்து நான்கு. மைசூர் விஜயநகரில் ஒரு நர்சரியில் வேலை. வாக்குமூலத்தைக் கன்னடத்தில் எழுதச் சொன்னீர்கள். நாள் முழுக்கப் பேசுவது கன்னடம்தான், ஆனால் மனதில் இருப்பதை எழுத எனக்குத் தமிழ்தான் வரும். நான் படித்ததெல்லாம் தமிழில் வந்த ரஷ்ய நாவல்கள். அவற்றில் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே யாராவது கறுப்புப் பழங்களைக் காய்ச்சி ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பழத்தை ஒரு நாள் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசைகள் இருந்ததில்லை.

ரஷ்யாவில் எனக்கு கலீனா என்று ஒரு பேனா நண்பி உண்டு. தொண்ணூற்று மூன்றில் அவள் ஒரு கவரில் அரோனியா விதைகள் அனுப்பினாள். பட்டாணி அளவில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் கறுப்புப் பழம். நர்சரி முதலாளியின் ஃப்ரிட்ஜில் மூன்று மாதம் வைத்து முளைக்கவிட்டேன். அறுபது கன்றுகள் தேறின.

அவற்றை வாங்கிக்கொண்டவர் மாதேசுவரன் மலைப் பக்கம் மார்டள்ளி ஊர்ச் சித்தையன். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர். சின்ன விவசாயி எல்லோரும் போடுவதையே போட்டால் எப்படி மேலே வருவது, யாரிடமும் இல்லாத பயிர் ஒன்று வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் நம்பினார். கடலை போடும் அரை ஏக்கரை எனக்காக ஒதுக்கினார். மூன்றாம் வருடம் காய்க்கும் என்றேன். "முதல் கடியில் வாயை இழுத்துப் பிடிக்கும், துப்பாமல் மென்றால்தான் ருசி தெரியும்" என்று அவர் மனைவி பொன்னம்மாவுக்கும் மகள் அஷ்வினிக்கும் சொல்லிக்கொடுத்தேன். நான் தின்றதில்லை. கலீனாவின் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன்.

தொண்ணூற்று ஐந்தில் அவளிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இந்தச் செடி பல வாரங்கள் கடுங்குளிரில் தூங்கி எழுந்தால்தான் பூக்கும், உங்கள் ஊரில் பூக்காது என்று எழுதியிருந்தாள். அதை நான் யாருக்கும் காட்டவில்லை. நம்பிக்கையோடு தண்ணீர் ஊற்றுகிறவரிடம் போய் அதைச் சொல்வது கொடுமை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்த வருடமும் பூக்கவில்லை. பக்கத்துக் காட்டு லிங்கப்பன் வரப்பில் நின்று, "என்னுங்க ருசியாக்காரரே, நம்மூர்ல பனி எப்பக் கொட்டும்?" என்று சித்தையனைக் கேலி செய்வார். ஐப்பசி பிறந்ததும் சித்தையன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க தம்பி. வெறும் எலைக்கா மூணு வருசம் தண்ணி ஊத்துனேன்? ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிருது. தீவாளி கழிஞ்சதும் புடுங்கிப் போட்டுட்டு மரவள்ளி வெக்கப் போறேன்."

அறுபது செடிகள் சார். இலைகள் அப்போதுதான் லேசாகச் சிவக்க ஆரம்பித்திருந்தன.

விஜயநகரில் பல வீடுகளின் வேலியில் ஒரு அழகுச்செடி இருக்கிறது. அதன் பழமும் கறுப்பு, பளபளப்பு, கொத்து. மார்டள்ளியில் யாரும் அதைப் பார்த்ததில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் விடிகாலையில் ஒரு பை நிறையக் கொண்டுபோய், மூன்று செடிகளில் பச்சை நூலால் கட்டினேன். கட்டிவிட்டு அவரை எழுப்பினேன்.

சித்தையன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் செடிகளின் முன்னால் நின்றார். பொன்னம்மா அழுதார். அஷ்வினி கை நீட்டினாள், சித்தையன் தட்டிவிட்டார். முதல் காய்ப்பு மாதேசுவரனுக்குப் போகாமல் அந்த வீட்டில் யார் வாயிலும் படாது. அது எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் கட்டினேன். நூல் தெரியாமல் நானே பறித்துத் தட்டில் வைத்தேன். பழம் மலைக்குப் போகும், சாமி முன்னால் இருக்கும், அங்கேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கோயிலில் பாதியைப் பிரசாதமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பொன்னம்மா எல்லோருக்கும் பங்கு வைத்தார். "மொதல்ல தம்பிக்குக் குடு, அவருதான் கொண்டாந்தாரு" என்றார் சித்தையன். என் கையில் மூன்று விழுந்தன. வாயருகே கொண்டுபோய்ப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அஷ்வினி ஒரு பிடி வாயில் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதும்மா."

பொன்னம்மா என்னைப் பார்த்தார். "இப்படித்தான் இருக்குமாங்க தம்பி?"

அஷ்வினிக்கு ஆறு வயது. பழம் அப்போது அவள் வாயில்தான் இருந்தது.

"அப்படித்தான் இருக்கும் அக்கா. துப்பக் கூடாது" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

அது விஷம் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். போன வருடம் அதன் கிளைகளைத் தின்று பக்கத்து வீட்டுப் பசு செத்தது. அதன்பிறகு நர்சரி வேலியில் 'விஷச்செடி, தொடாதீர்கள்' என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகையை எழுதியவன் நான். எனக்குத் தெரியும். நான்தான் செய்தேன். குழந்தை அடுத்த நாள் மைசூர் ஆஸ்பத்திரியில் இறந்ததும், சித்தையன் இன்னும் கண் திறக்காததும் என்னால்தான்.

ஆனால் நான் வெட்கப்படுகிறேன் என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். அந்த வீட்டுக்கு ஒரு காலைப்பொழுது சந்தோஷம் கொடுத்தவன் நான். மூன்று வருடத்தில் வேறு யாரும் கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் குழந்தை இருந்திருக்கும், செடிகள் போயிருக்கும் என்கிறீர்கள். நீங்கள் அந்தச் செடிகளைப் பார்த்ததில்லை சார்.

கலீனா ஒரு வீட்டுத் தோட்டக்காரி. அவள் சொல்வதெல்லாம் வேதமில்லை. இந்த மார்கழியில் மைசூர்ப் பக்கம் குளிர் அதிகம் இருக்கும் என்று வெளியே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் கேட்கிறேன். நீங்கள் மார்டள்ளிக்குப் போகும்போது, செடிக்கு வாரம் ஒரு குடமாவது தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பொன்னம்மா அக்காவிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்வீர்களா?