டேப்பைக் கடித்த வாய்

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

விடுப்புக் கடிதம் எனக்கு நன்றாக எழுத வரும். சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் யாருக்கு லீவு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நடந்ததைத் தேதியோடு, வரிசையாக எழுதுவது எட்டையபுரத்துப் பள்ளியில் வந்த பழக்கம். இதையும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

ஜீவானந்தத்தை மூன்று முறை உங்களிடம் அழைத்து வந்த நம்பிராஜன் நான். அவனும் நானும் ஒரே ஊர், ஒரே அறை, ஒரகடத்தில் ஒரே பிரஸ் மெஷின். அதில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டிவிடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். டார்கெட் முடிக்க, ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிடுவோம். ஒருவன் ஒற்றைக் கையால் இறக்குவான், மற்றவன் தகட்டை எடுத்துப் போடுவான். லைனில் பலரும் செய்வதுதான்.

பிப்ரவரி பதினொன்று, முதல் ஷிப்ட். "டேப்ப எடுத்துருங்கண்ணே, பயமா இருக்கு" என்றான்.

"பொண்ணு பாக்கப் போனவன் கணக்கா நெளியாதல. தகட்ட எடு."

சூப்பர்வைசர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தபடி அழுத்தினேன். அவன் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

மயக்கம் தெளிந்தபோது அந்தக் காலை அவன் நினைவில் இல்லை. பக்கத்து மெஷின்காரர்களும் பார்த்திருக்கவில்லை. எனக்கு ஜூலையில் வேலை நிரந்தரமாகும் என்றிருந்தார்கள்.

"என்னண்ணே நடந்துச்சு?"

"நீதாம்ல டேப்ப ஒட்டுன. வேண்டாம்னு சொல்லிட்டு நான் தண்ணி குடிக்கப் போனேன். அதுக்குள்ள ஒத்தையில ஓட்டிட்ட."

அழுதான். என் பேச்சைக் கேட்காததற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டான்.

கம்பெனிக்கு விளக்கக் கடிதத்தை அவன் பெயரில் நான்தான் எழுதினேன். இடது பெருவிரலை வைத்தான். விசாரணையில் தடுமாறக் கூடாதே என்று தினமும் அதை வாசித்துக் காட்டினேன். டேப்பின் நிறம், குடித்த டீ எல்லாம் சேர்த்துச் சொன்னேன். எட்டாம் நாள் அவனே, "ஆமாண்ணே, ஞாபகம் வருது. டேப்பப் பல்லால கடிச்சு அறுத்தேன்" என்றான்.

அது நான் சொல்லிக் கொடுக்காதது. கடித்தது நான். அவன் பார்த்திருக்கிறான். ஆனாலும் "ஆமா" என்றேன்.

ஏப்ரலில், "கண்ண மூடுனா உங்க வாயில டேப் தெரியுதுண்ணே" என்றான். பட்டன் மேல் என் கையும் தெரிகிறதாம். வீட்டுக்கார சாரதா அக்கா, "இன்னாபா, உன் ரூமாளு இல்லாத வெரலாண்ட பேசிக்கினு குந்திகீறான்? டாக்டராண்ட காட்டு" என்றார். காட்டினேன். அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவன் சொல்வது நடந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் மேல் பழி போடுகிறான் என்றேன். மாத்திரை எழுதினீர்கள். அடுத்த முறை அதைக் கூட்டினீர்கள். நேரம் தவறாமல் கொடுத்தவன் நான்.

இப்போது அவன் என் வாயைப் பற்றிப் பேசுவதில்லை. "பல்லு தேச்சேனாண்ணே?" "நேத்து அம்மாட்ட பேசுனேனா?" எல்லாவற்றையும் என்னிடம் கேட்கிறான். நான் ஆமாம் என்றால்தான் அவனுக்கு அது நடந்தது. போன வாரம், "நான் முந்தியும் இப்படிப் பொறுப்பத்த ஆளுதானாண்ணே?" என்றான். பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவன் அவன். அன்றைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

வரும் வியாழக்கிழமை அவனை வார்டில் சேர்க்க வேண்டும் என்றீர்கள். வேண்டாம் அம்மா. அவன் சொன்னது அத்தனையும் நடந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஐந்து விரலும் உள்ள கை.

உண்மையை அவனிடம் சொல்லிவிடுங்கள். ஒரேயொரு விண்ணப்பம். மொத்தமாகச் சொன்னால் தாங்க மாட்டான். எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை முதலில் என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன். வியாழக்கிழமை அவனை நானே அழைத்து வருகிறேன்.