உள்பக்கம் முடிந்த டேப்

முதலில் முடியை மழிக்க வேண்டும். காலை அந்த ஸ்டூலின் மேல் வையுங்கள். கூச்சப்படாதீர்கள், இந்த அறைக்குள் மழிக்காத காலோடு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். முடியோடு சேர்த்து டேப்பை ஒட்டினால் பிரிக்கும்போது என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவீர்கள். விசாரிக்க வந்தவர் வாயிலிருந்து அதெல்லாம் வரலாமா? வாசலில் அந்தக் கடைசிப் படி ஆடும் என்று நான் முன்பே சொல்லியிருக்கலாம். ஏனோ தோன்றவில்லை. லேசான சுளுக்குதான். நான் கட்டி முடிப்பதற்குள் நீங்கள் கேட்க வந்ததும் முடிந்துவிடும்.

இந்த வாலிபால் கிளப்பில் பந்துக்குக் காற்றடிக்கிறவனாகத்தான் சேர்ந்தேன். வலை கட்டுவேன், ஐஸ் பை தூக்குவேன். "ஏய் பம்ப்பு" என்று கூப்பிடுவார்கள். அப்புறம் ஒரு முகாமுக்குப் போய், கால் பிசகாமல் இருக்க டேப் போடக் கற்றுக்கொண்டு வந்தேன். அதோடு பம்ப்பு போய் 'டேப் மாமா' ஆகிவிட்டேன். மேட்ச் நாளில் பையன்கள் எல்லாம் இந்தப் பெஞ்சில் மாப்பிள்ளை முறுக்கோடு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோச்சே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் யாரை இறக்குவது என்று முடிவு செய்வார். மனுஷனுக்கு அது ஒரு சந்தோஷம். மறைப்பானேன்.

மாமா என்று முதலில் கூப்பிட்டவன் என் மனைவியின் தம்பி. மற்றவர்கள் அவனிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் அவன் பெயர் கொக்கு. அவ்வளவு உயரம், அவ்வளவு நீளக் கால். எங்கள் வீட்டிலேயே தங்கி ஆடிக்கொண்டிருந்தான். எனக்குப் பிள்ளை இல்லை. அவன் எகிறி ஒரு பந்தை அடித்தால் பெற்றவன் மாதிரி நான் கைதட்டுவேன்.

அவனுக்குக் கணுக்கால் பிசகியது பயிற்சியில். அதில் என் பங்கு ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். கணுக்கால் பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் மடங்கும். அதனால் டேப்பை உள்பக்கம் ஆரம்பித்து, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் மேலே இழுத்து முடிக்க வேண்டும். பாதம் மடங்கப் பார்க்கும்போது டேப் அதைப் பிடித்து நிறுத்தும். வித்தை அவ்வளவுதான்.

கால் ஆறிவிட்டது, இனி டேப்பைக் குறைத்துப் பயிற்சி கொடுங்கள் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நான் கொக்கிடம், "இன்னும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்றார் மாப்ளே" என்றேன். ஜாக்கிரதையாக இருப்பது தப்பா, நீங்களே சொல்லுங்கள். அப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. டேப் வேலை செய்யும்போது கால் எதற்கு வேலை செய்யப்போகிறது? சோம்பேறியாகிவிட்டது. டேப் இல்லாமல் மாடிப்படி இறங்கக்கூடப் பயப்படுவான். குளித்துவிட்டு வந்ததும், "மாமா, காலு" என்று நீட்டுவான்.

என் மனைவிதான் மோப்பம் பிடித்தாள். மார்க்கெட்டில் டாக்டரைப் பார்த்து விசாரித்திருக்கிறாள். அன்றிலிருந்து, காலுக்குப் பலம் வரட்டும் என்று, அடுப்பில் பால் பொங்கும்வரை அவனைச் சமையலறையில் ஒற்றைக் காலில் நிற்க வைப்பாள். கொக்கு கொக்காகவே நிற்கும். நானும் பார்த்துச் சிரிப்பேன். கால் தேறிவருகிறது என்று தெரிந்த பிறகு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய கிளப் ஒன்று அவனைக் கேட்டது. இங்கே ஆடும் ஒரு மேட்சை அவர்கள் வந்து பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் வேறு ஊர், நல்ல சம்பளம். அங்கே டேப் போட வேறு ஆள். என் மனைவி தெளிவாகவே சொன்னாள்: "போதுங்க. அவன் காலை அவன்கிட்டயே குடுத்துடுங்க."

மேட்ச் அன்று இதே ஸ்டூலுக்கு வந்தான். "டேப் வேணாம் மாமா, கால் நல்லாயிடுச்சு" என்றான். என் முகத்தைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே காலை நீட்டினான். "சரி, உங்க ஆசைக்குக் கடைசியா ஒரு தடவை போட்டு விடுங்க."

கடைசியா என்றான். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நான் ஒழுங்காகவே போட்டிருப்பேன்.

வெளிப்பக்கம் ஆரம்பித்து உள்பக்கம் இழுத்து முடித்தேன். மடங்கக்கூடிய பக்கத்துக்கே பாதத்தைக் கொஞ்சம் திருப்பிவைத்த மாதிரி. மேலே இன்னொரு சுற்று சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. "கொஞ்சம் வேற மாதிரி இருக்கே மாமா" என்றான். ஆட ஆடச் சரியாகும் என்றேன். அவன் என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவான்?

அவன் எகிறி இறங்கியபோது என்ன ஆயிற்று என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மைதானத்துக்குள் முதலில் ஓடியவன் நான்தான். ஐஸ் பையை முன்பே நிரப்பி வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டேப்பை வெட்டி எடுத்தபோது என் மனைவி பக்கத்தில் நின்றாள். நான் கற்றுக்கொண்ட புதிதில் அவள் காலில்தான் போட்டுப் போட்டுப் பழகினேன். அதை மறந்துவிட்டேன். வெட்டின துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "முனை ஏங்க உள்பக்கம் இருக்கு?" என்று கேட்டாள். அவசரத்தில் என்றேன். என் கை அவசரப்படாது என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உங்களிடம் கேட்டிருக்கிறாள்.

நடக்கலாம், எகிற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் பாருங்கள், அவன் இப்போது வீட்டிலேயே இருக்கிறான். தினமும் காலையில் காலைப் பிடித்துவிட்டு டேப் போடுகிறேன். "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருப்பேன் மாமா" என்று நேற்றுக்கூடச் சொன்னான். அவனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் விசாரித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறாள். சொல்லாமலே இருந்தால் எல்லாருக்கும் நல்லது. நீங்களும் கொஞ்சம் எடுத்துச் சொல்லலாம்.

இதோ, முடிந்தது. ஏன் குனிந்து பார்க்கிறீர்கள்? முனை எந்தப் பக்கம் என்றா? மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டேன், இனித் தெரியாது. எழுந்து நடந்து பாருங்கள். முதலில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் வாருங்கள், புதிதாகப் போட்டு விடுகிறேன். என் கைக்கு வந்த யாரையும் நான் விழ விட்டதில்லை.