யோனா ஏன் ஓடினான்?

— மறுபடியும் மொதல்லேர்ந்தா?

— வேற வழி? இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக் கூட்டத்துல யோனாவைப் பத்தி நான்தான் பேசணும். பாஸ்டர் என் தலையில கட்டிட்டார். மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது.

— எப்படி ஏறும்? ரயிலைப் பிடிக்க ஓடுற மாதிரி படிக்கிறீங்க... ஆமா, நேத்து ஆஸ்பத்திரியில மாமாவைப் பார்த்தீங்களா?

— ம்... பார்த்தேன்.

— எப்படி இருக்கார்?

— அப்படியேதான். ஜன்னலோரக் கட்டில்ல, வெளிய பார்த்துட்டு... எங்கப்பா பேச்சை விடு. நீ உதவி பண்றியா இல்லையா?

— பண்றேன். வேதத்தை மூடுங்க.

— மூடிட்டு எப்படிடி படிக்கிறது?

— மூடினாத்தான் எது உள்ள போச்சுன்னு தெரியும். சொல்லுங்க, என்ன நடந்துச்சு?

— கடவுள் யோனாவை நினிவேக்குப் போகச் சொன்னார். அவன் நேர் எதிர்த்திசையில கப்பல் ஏறிட்டான். புயல் வந்துச்சு, மீன் முழுங்கிச்சு...

— மீன் அங்கயே இருக்கட்டும். ஏன் ஓடினான்?

— பயம்தான். நினிவேக்காரங்க கொடுமைக்காரங்க.

— பயம்னு எழுதியிருக்கா?

— எல்லாரும் அப்படித்தானே...

— எல்லாரும் சொல்றது இருக்கட்டும். எழுதியிருக்கா?

— இரு, பார்க்கிறேன்... மொத அதிகாரத்துல காரணமே இல்லையே!

— தண்ணி சொட்டுற இடம் வேற, ஓட்டை இருக்கிற இடம் வேறன்னு குழாய் வேலைக்குப் போற வீட்லயெல்லாம் சொல்வீங்களே. இதையும் அப்படித் தேடுங்க. கடைசி அதிகாரம்.

— குழாய்க்காரன் பொண்டாட்டியாச்சே, பேசாம இருப்பியா... ம்... நினிவே திருந்துது. கடவுள் மன்னிக்கிறார். இவனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வருது. நீங்க இரக்கப்படுவீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும், அதான் ஓடினேங்கிறான்... அட!

— அப்ப பயமில்ல.

— இல்ல. அவங்களுக்கு மன்னிப்பு கிடைச்சிடக் கூடாதுன்னு... இத்தனை வருஷம் படிச்சும் கண்ணுல படலையே! இதையே பேசிடுறேன்.

— அவசரப்படாதீங்க. இன்னொரு கேள்வி பாக்கி.

— கேளு.

— நீங்க எந்தக் கப்பல்ல ஏறினீங்க?

— ...என்னடி உளர்றே?

— மாமாவை ஜன்னலோரக் கட்டில்லேர்ந்து போன வாரமே மாத்திட்டாங்க.

— மாத்திட்டாங்களா?

— ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு எங்க போறீங்க?

— பஸ் ஏறுவேன்... எதிர்ப்பக்கம் போற பஸ். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, அதே பஸ்ல திரும்பிடுவேன்.

— மொத நாள் வார்டு வாசல்ல நின்னு பார்த்ததோட சரி, அப்புறம் ஒரு தடவைகூட...?

— எங்கம்மா வாசலைப் பார்த்துக்கிட்டே போய்ச் சேர்ந்தா. எங்களை விட்டுட்டுப் போன அந்தாளு வரல. இப்ப நான் மட்டும் ஓடணுமா?

— கோவம் இருக்கும். இல்லேங்கல.

— கோவம்னா நேராப் போய் நாலு கேட்டிருப்பேனே! போய் நின்னா... அந்த ஒடுங்கின உடம்பைப் பார்த்தா, மனசு இளகிடும். மன்னிச்சிடுவேன். அப்புறம் எங்கம்மா பக்கம் நிக்க யார் இருக்கா?

— ...செருப்பைப் போடுங்க.

— இப்பவா? சாயங்காலம், கூட்டம் முடிஞ்சதும்...

— சாயங்காலம் வரைக்கும் தாங்குவார்னு டாக்டர் சொல்லல.

— டாக்டரா? நீ எப்போ... கட்டில் மாத்தினது உனக்கு எப்படித் தெரியும்?

— தையல் கடைக்குன்னு சொல்லிட்டு நான்தான் தினமும் போறேன். உங்க பையன் வந்தார், நீங்க தூங்கிட்டிருந்தீங்கன்னு போறப்பல்லாம் ஒரு பொய் சொன்னேன்... இப்ப மாமா கண்ணை மூடவே மாட்டேங்கிறார்.