எச்சில் கோப்பை

கோம்பியா ரொட்டியைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், இன்ஸ்பெக்டர். ஆறினால் கல். அதை எனக்குச் சொன்னவரே ஹீ கிங் துவோங்தான். சிபு நகரச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவருடைய ரொட்டி அடுப்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு வைத்ததில் அவருக்கு எச்சில் வற்றிப்போனது. தான் சுட்ட ரொட்டியையே தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு அடுப்பிலும் முதல் ரொட்டியைச் சுட்டவரே வெறும் வாயில் தின்று பார்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அது முடியாவிட்டால் கடையை மூடிவிட்டுக் கூச்சிங்கில் மகள் வீட்டோடு போய்விடுவதாக இருந்தார்.

ஆஸ்பத்திரியில் என் வேலை எளிது. கீழுதட்டுக்கு அடியிலும் கைகளிலும் கணுக்காலுக்கு மேலும் பட்டைகளை ஒட்டி, எச்சில் சுரக்க நரம்பைத் தூண்டும் மெல்லிய மின்சாரம் விடுவேன். செவ்வாயும் வெள்ளியும், மொத்தம் இருபத்துநான்கு முறை. முடிந்ததும் ஐந்து நிமிடம் கோப்பையில் துப்பச் சொல்லி எடை போடுவேன். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பை ரொட்டி.

"இன்னைக்கும் தனியாத்தான் சாப்பாடா மிஸ்? பேசாம இந்த மெஷினையே கட்டிக்கிட்டீங்க போல."

ஐம்பத்தொரு வயதுக்குள் என்னை யாரும் அப்படிக் கேலி செய்ததில்லை.

பன்னிரண்டாம் முறை எடை நன்றாக ஏறியது. விசிலடித்துக்கொண்டே போனார். அடுத்த முறை மின்சாரத்தைப் பூஜ்யத்தில் வைத்தேன்.

"என்ன மிஸ், குறுகுறுப்பே இல்லையே?"

"நரம்பு பழகிடுச்சு அண்ணே. நல்லதுதான்."

எடை இறங்கினால் மனம் சலித்துக் கூச்சிங் போய்விடுவார். குணமானால் அடுப்போடு இருந்துவிடுவார், என்னிடம் வரமாட்டார். ஆகவே கோப்பையில் முன்கூட்டியே சில சொட்டுத் தண்ணீர் விட்டுவைத்தேன். எடை பொறுமையாக ஏறியது.

நேற்று கடைசி முறை. சூடான ரொட்டியோடு வந்தார்.

"எடைதான் ஏறிடுச்சே மிஸ். உங்க முன்னாடியே வெறும் வாயில தின்னு காட்டறேன்."

"தாராளமா தின்னுங்க" என்றேன். கொஞ்சம் திணறினால்தானே இன்னொரு பன்னிரண்டு வாரத்துக்குச் சம்மதிப்பார். அதற்காகவே தண்ணீர் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

இரண்டாவது கடி தொண்டையில் நின்றது. முதலில் சிரித்தார். பிறகு கையை நீட்டித் தண்ணீர் கேட்டார். அடைத்தால் முதுகில் எப்படித் தட்டுவது என்று எங்களுக்கு வருடாவருடம் பயிற்சி உண்டு. நான் தட்டவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"இன்னும் பன்னிரண்டு வாரம் வருவீங்களா அண்ணே?"

தலையாட்டினார். வேகமாக ஆட்டினார். அதற்குப் பிறகுதான் சாவியை எடுக்க எழுந்தேன். அலமாரியைத் திறந்து திரும்பியபோது நாற்காலியிலிருந்து சரிந்திருந்தார்.

அவர் தலையாட்டியதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. வரும் செவ்வாய் பத்து மணிக்கு அவர் பெயரைப் போட்டுவைத்திருக்கிறேன். அந்த நேரத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுங்கள்.