டிரம்கோரி துரையின் வாக்கு

— நேராப் போகாத மாப்ளே, வலது பக்கம் திரும்பு. மீன் சந்தை வழியாப் போவோம்.

— பார்லிமென்டு நேரா இருக்கு மச்சான். மீன் சந்தைன்னா டப்ளினையே சுத்தணுமே! என் தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்?

— சுத்தத்தான் சொல்றேன். கேளு மாப்ளே, பன்னண்டு மணிக்கு ஓட்டெடுப்பு. அடுப்பு வரியை ரெட்டிப்பாக்கப் போறாங்க. ரெண்டு பக்கமும் சரிசமமா நிக்குதாம். நம்ம பல்லக்குல உக்காந்திருக்கிற டிரம்கோரி துரை கைதூக்கினா வரி வந்துடும். கதவைச் சாத்தினப்புறம் போய்ச் சேந்தார்னா வராது.

— அய்யய்யோ, மெதுவாப் பேசு மச்சான்! காதுல விழப்போவுது.

— விழட்டுமே. நாம பேசுற ஐரிஷ் அவருக்கு மாடு கத்துற மாதிரிதான். இவங்க வம்சம் இங்க வந்து நூறு வருஷமாச்சு, இங்கிலீஷைத் தவிர ஒரு சொல்லு வாயில நுழையல.

— என் வீட்ல இருக்கிறது ஒத்தை அடுப்பு. அதுக்கு ரெட்டை வரின்னா உன் தங்கச்சி கிழங்கைப் பச்சையாத்தான் போடுவா.

— இப்ப மட்டும் வேகவச்சா போடுறா?

— பல்லக்குத் தூக்கிகளே, ஏன் இவ்வளவு தாமதம்? இது என்ன நாற்றம்?

— பெரிய தெருவுல வண்டி ஒண்ணு கவுந்து கெடக்குதுங்க எசமான். சுத்து வழிதான்.

— விரைந்து செல்லுங்கள். தேசம் எனக்காகக் காத்திருக்கிறது.

— ஆகட்டுங்க எசமான்... கேட்டியா மாப்ளே? தேசமாம்!

— நல்லவேளை, உனக்காவது இங்கிலீஷ் வருது. ஆமா, இவருக்கு என்ன லாபம் இந்த வரியில?

— ஏர்ல் பட்டம் தர்றதா மேலிடத்துல ஆசை காட்டியிருக்காங்க. இப்ப அதுக்கு ஒரு படி கீழ, வெறும் விஸ்கவுன்ட்தானே. விருந்துல பத்தாவது நாற்காலி.

— என்னத்தைக் கிழிச்சாராம், பட்டம் வாங்க?

— அப்படிக் கேட்டுட்டியே! இன்னொரு துரையோட துப்பாக்கிச் சண்டை போட்டவர்ப்பா. ஆளுக்கு அஞ்சு தடவை சுட்டாங்க. ஓரமா மேஞ்ச ஆடு செத்துச்சு. ரெண்டு பேரும் சேந்து அதையே வறுத்துத் தின்னுட்டு வீட்டுக்குப் போனாங்க.

— சபையில பேசுவாரா?

— இருபது வருஷத்துல ஒரே ஒரு தடவை எந்திரிச்சார். சபையே கப்சிப். தும்மினார், உக்காந்துட்டார். மறுநாள் பத்திரிகைக்காரன் 'சுருக்கமான, அழுத்தமான உரை'ன்னு போட்டான்.

— சிரிக்க வைக்காத மச்சான், கழி நழுவுது.

— பெரும்பனி வருஷம் நம்ம ஊரே பட்டினி கெடந்தப்ப மேட்டு மேல தூண் கட்டினாரே, அது? எதையும் தாங்காத தூண். காக்கா உக்காரத்தான் லாயக்கு.

— அதை மட்டும் சொல்லாத. அந்தத் தூணுக்குக் கல்லு சுமந்த கூலியிலதான் எங்கம்மா எங்க ஆறு பேரையும் உயிரோட வச்சா.

— சும்மாவே கஞ்சி ஊத்தியிருக்கலாமே?

— ஊத்தியிருக்கலாம். மத்த துரைங்க கல்லும் தரல, கஞ்சியும் தரல.

— நீ என்ன அவருக்கு வக்கீலா? நட.

— நடக்கத்தான் செய்யறேன்... மச்சான், இது என்ன சந்து? எதிர்ல பெரிய சுவர் தெரியுதே.

— முன்னால போறவன் நீ. எனக்குத் தெரியறது பல்லக்கோட முதுகுதான்.

— ஏண்டா மடப்பயலுகளா! அது பார்லிமென்டோட பின்வாசல்டா! நில்லுங்கடா!

— அய்யய்யோ மச்சான்! துரை ஐரிஷ் பேசுறார்!

— எனக்குச் செவிலித்தாயா வந்த உங்கூரு ஷீலாகிட்ட பால் குடிச்சு வளந்தவன்டா நான். பேச்சு மட்டும் வராமப் போகுமா? மொதல்லேர்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டுதான் வர்றேன்.

— எசமான்... புள்ளகுட்டிக்காரனுங்க... வாய்க்கொழுப்புல ஏதோ...

— வாயை மூடிட்டுப் பல்லக்கைத் திருப்புங்கடா. என்கிட்ட இருக்கிறது ஒரே வாக்கு, அதை ரெண்டு கட்சிக்கும் கொடுத்துத் தொலைச்சிருக்கேன். கதவு சாத்துற வரைக்கும் என்னை எங்கயும் இறக்கிடாதீங்க, ஆத்தங்கரைப் பக்கம் ஓடுங்க!